கிளட்ச் பெடல் ஒட்டிக்கொள்கிறதா? கியர்பாக்ஸை இறக்கும் முன் கோளாறு எங்கே என்று கண்டுபிடியுங்கள்

கிளட்சை மிதித்தால் பெடல் கீழேயே நின்றுவிடுகிறது, இல்லையென்றால் பாதியில் தயங்கி மெதுவாக மேலே வருகிறது என்று ஒர்க்‌ஷாப்பில் போய்ச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் வரும் பதில் "கிளட்ச் செட் போயிருக்கும் சார், இறக்கிப் பார்த்துடலாம்" என்பதுதான். கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் லேபர், பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் எல்லாம் சேர்ந்தால் சின்ன காருக்கே ஆயிரக்கணக்கில் போய்விடும். அவ்வளவும் செலவழித்த பிறகு பெடல் மறுபடி ஒட்டினால் எவ்வளவு வயிற்றெரிச்சலாக இருக்கும்! பெடல் ஒட்டுவதற்கான காரணங்களில் பாதிக்கு மேல் கியர்பாக்ஸுக்கு வெளியேதான் இருக்கின்றன. ஒரு டார்ச், ஒரு செட் ஸ்பேனர், பெடலை மிதிக்க ஒரு ஆள், இவை இருந்தால் கோளாறு உள்ளேயா வெளியேயா என்பதை வீட்டு வாசலிலேயே முடிவுசெய்துவிடலாம்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிளட்ச் "ஸ்லிப்" ஆவது வேறு, பெடல் ஒட்டுவது வேறு. ஆக்சிலரேட்டர் கொடுத்தால் இன்ஜின் சத்தம் மட்டும் ஏறுகிறது, வண்டி வேகம் எடுக்கவில்லை என்றால் அது பெரும்பாலும் பிளேட் தேய்ந்த பிரச்சினை. அதற்குக் கிளட்ச் செட் மாற்றுவது சரிதான். பெடல் திரும்பி வராததற்குப் பிளேட்டைக் குற்றம் சொல்ல முடியாது.

பெடலை மேலே தள்ளுவது எது?

இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும். பெடலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது, அதுதான் பெடலை மேலே இழுக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் முக்கியமான விசை வருவது கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து. கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் நடுவில் விரல்கள் போல நீட்டிக்கொண்டிருக்கும் டயாபிரம் ஸ்பிரிங் இருக்கிறது. நீங்கள் மிதிக்கும்போது கேபிளோ ஆயிலோ ஒரு லீவரைத் தள்ள, லீவர் ஃபோர்க்கை நகர்த்த, ஃபோர்க் ரிலீஸ் பேரிங்கைத் தள்ள, பேரிங் அந்த விரல்களை அழுத்துகிறது. காலை எடுத்ததும் அந்த விரல்கள்தான் அதே வழியாக எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளி பெடலை உங்கள் காலடிக்குக் கொண்டுவருகின்றன.

பெடல் பக்கத்து ஸ்பிரிங் பல கார்களில் இதற்கு நேர்மாறான வேலையும் செய்யும். மிதிப்பதை லேசாக்குவதற்காக, பெடல் பாதித் தூரத்தைத் தாண்டியதும் அது கீழ்நோக்கி இழுக்க ஆரம்பிக்கும். கியர்பாக்ஸ் பக்கத்து விசை எங்கேயாவது தடைபட்டால் இந்த ஸ்பிரிங்கே பெடலைத் தரையோடு பிடித்து வைத்துக்கொள்ளும். ஆக நம் வேலை ஒன்றுதான்: திரும்பி வரும் விசை வழியில் எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று தேடுவது.

ஓடும்போது ஒட்டிக்கொண்டால்

பெடல் கீழே நின்றுவிட்டால் குனிந்து கையால் இழுக்கவே இழுக்காதீர்கள். பிரேக், ஸ்டியரிங் இரண்டும் வேலை செய்யும், இன்ஜினை ஓடவிட்டபடியே ஹசார்டு விளக்கைப் போட்டு இடது ஓரம் ஒதுங்குங்கள். நின்ற பிறகு கால் விரலைப் பெடலுக்கு அடியில் கொடுத்துத் தூக்கலாம். கேபிள் அறுந்து பெடல் தொளதொளவென்று விழுந்துவிட்டால் நிலைமை வேறு. அப்போது கிளட்ச் பிரியாது, வண்டி கியரிலேயே இழுத்துக்கொண்டு போகும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தபடி கியர் லீவரை நியூட்ரலுக்கு இழுங்கள், பெரும்பாலும் வந்துவிடும். வரவில்லையென்றால் பிரேக்கை நன்றாக அழுத்துங்கள். இன்ஜின் திணறி ஆஃப் ஆகும், பரவாயில்லை. வண்டி உருளும்போது சாவியை மட்டும் உருவிவிடாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

முதல் கியரில் போட்டு ஸ்டார்ட்டரில் எகிறவைத்து வீடுவரை ஓட்டிவிடலாம் என்று யோசனை சொல்ல ஆள் இருப்பார்கள். நெரிசலான ரோட்டில் அது பெரிய ஆபத்து. டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

முதலில் மிதியடி

நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை, முதல் சோதனை இதுதான். கம்பெனி மேட்டுக்கு மேல் கனமான லெதர் மேட் ஒன்று, அதன் மேல் ரப்பர் மேட் ஒன்று என்று போட்டிருப்பவர்கள் நிறைய. அது நகர்ந்து பெடலின் அடி விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். சீட்டுக்கு அடியிலிருந்து உருண்டு வந்த தண்ணீர் பாட்டிலும் இதைச் செய்யும். எல்லா மேட்டையும் எடுத்துவிட்டு, இன்ஜின் ஆஃப் செய்து, ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலில் நான்கைந்து முறை மிதித்துப் பாருங்கள்.

அப்புறம் டிரைவர் சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, தலையை டேஷ்போர்டுக்குக் கீழே கொண்டுபோய் டார்ச் அடித்துப் பாருங்கள். பெடல் தொங்கும் அச்சில் நைலான் புஷ், அதாவது அச்சு உரசாமல் ஆட உதவும் சின்ன வளையம் இருக்கும். பெடலைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். கடகடவென்று ஆடினால் புஷ் தேய்ந்திருக்கிறது. ஆடவே ஆடாமல் கனமாக இருந்தால் கிரீஸ் காய்ந்தோ துருப்பிடித்தோ இறுகியிருக்கிறது. ஸ்பிரிங் கொக்கியிலிருந்து நழுவியிருக்கிறதா, பெடலோடு கேபிளையோ ராடையோ கோக்கும் கிளெவிஸ் பின்னின் கிளிப் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். புஷ் இறுகியிருந்தால் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைக்க வேண்டும். டபிள்யூடி-40 அடித்தால் சில நாள் நன்றாக இருக்கும், பிறகு பழையபடி ஆகிவிடும். அது கிரீஸுக்கு மாற்று கிடையாது.

உங்கள் வண்டி கேபிளா, ஆயிலா?

மாருதி 800, ஆம்னி, ஆல்டோ போன்றவை கேபிள் கிளட்ச். பொலேரோ, ஸ்கார்ப்பியோ, இன்னோவா, ஹோண்டா சிட்டி போன்றவை ஹைட்ராலிக். சந்தேகமாக இருந்தால் பானெட்டைத் திறந்து, கிளட்ச் பெடலுக்கு நேர் எதிரே ஃபயர்வாலை, அதாவது இன்ஜினையும் கார் உள்ளறையையும் பிரிக்கும் தகட்டைப் பாருங்கள். கறுப்பு உறை போட்ட தடித்த வயர் ஒன்று வெளியே வந்து கியர்பாக்ஸ் மேல் உள்ள லீவருக்குப் போனால் கேபிள். சின்ன சிலிண்டர் ஒன்று பதிந்திருந்து, பிரேக் ஆயில் டப்பாவிலிருந்து அதற்கு ஒரு டியூப் வந்தால் ஹைட்ராலிக்.

எல்லாவற்றையும் தீர்மானிக்கும் சோதனை

இதைச் செய்யாமல் ஒரு ரூபாய்க்குக்கூட ஸ்பேர் வாங்காதீர்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மெதுவாக மிதித்து விடட்டும், நீங்கள் கியர்பாக்ஸ் லீவரைப் பாருங்கள். சில கார்களில் பேட்டரிக்கோ ஏர் ஃபில்டருக்கோ கீழே எட்டிப் பார்த்தால் தெரியும். பொலேரோ மாதிரி வண்டிகளில் அடியில் போய்த்தான் பார்க்க வேண்டும். அப்படியென்றால் சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, ஸ்டாண்டு கொடுத்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போனவர்கள் உயிரை விட்டிருக்கிறார்கள். லீவர் பக்கத்தில் விரலையும் வைக்காதீர்கள்.

இன்ஜின் ஆஃபில் இருக்க வேண்டும். கேபிள் வண்டியில் பெடல் கீழே ஒட்டி நிற்கும் அந்த நேரத்தில், லீவரோடு சேர்ந்த கேபிள் முனையில் தொய்வு இருக்கிறதா என்று பாருங்கள். லீவர் பழைய இடத்துக்கு வந்துவிட்டது, பெடல் மட்டும் கீழே நிற்கிறது என்றால் கோளாறு கேபிளிலோ பெடலிலோதான், கியர்பாக்ஸைத் தொடவே வேண்டாம். லீவரும் பாதியிலேயே நிற்கிறது என்றால் இன்னும் ஒரு படி இருக்கிறது: அட்ஜஸ்டர் நட்டைத் தளர்த்திக் கேபிளை லீவரிலிருந்து கழற்றுங்கள். எத்தனை மரை வெளியே தெரிந்தது என்பதை முன்னாலேயே போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் திரும்ப மாட்டும்போது உதவும். கழற்றியதும் லீவர் சட்டென்று பின்னால் போனால் குற்றவாளி கேபிளோ பெடலோதான். கழற்றியும் நகராமல் அங்கேயே நின்றால் உள்ளே ஃபோர்க் ஷாஃப்டோ பேரிங்கோ இறுகியிருக்கிறது.

கழற்றிய நிலையிலேயே இரண்டையும் தனித்தனியாகச் சோதியுங்கள். லீவரைக் கையால் ஆட்டினால் கொஞ்ச தூரம் லேசாக வந்து, பேரிங் விரல்களைத் தொட்டதும் கெட்டியாக நிற்க வேண்டும். அந்த லேசான தூரத்திலேயே கரகரவென்று உரசினாலோ, கஷ்டப்பட்டு நகர்ந்தாலோ ஷாஃப்ட் புஷ் காய்ந்திருக்கிறது. கேபிளின் உள்வயரை இரண்டு பக்கமும் இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போக வேண்டும். எங்கேயாவது சிக்கினால் அதற்கு மேல் ஆராய்ச்சி தேவையில்லை.

கேபிள் ஏன் கெடுகிறது

உறைக்குள் நைலான் குழாய் ஒன்று இருக்கும், வயர் அதற்குள் ஓடும். கேபிள் கூர்மையாக வளையும் இடத்தில் இந்தக் குழாய் தேய்ந்து, எஃகு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, அறுந்த முனைகள் முள் மாதிரிக் குத்திக்கொண்டு நிற்கும். மிதிப்பது கனமாகி, பிறகு திரும்பி வருவது மெதுவாகி, கடைசியில் ஒருநாள் டப்பென்று அறுந்துவிடும். பெரும்பாலும் பெடல் கொக்கி பக்கத்திலோ லீவர் முனையிலோதான் இழை பிரிய ஆரம்பிக்கிறது, அதனால் அந்த இரண்டு இடங்களையும் விரலால் தொடாமல் டார்ச் அடித்துப் பாருங்கள். மழைத்தண்ணீர் மேல் முனை வழியாக இறங்கி உள்ளே துருவாக்குவதும் உண்டு.

நைலான் உள்ள கேபிளில் இன்ஜின் ஆயில் ஊற்றாதீர்கள். தூசியோடு சேர்ந்து பசையாகி இன்னும் இறுகும். சின்ன கார்களின் கேபிள் விலை சில நூறு ரூபாய்தான், மாற்றிவிடுவதே புத்திசாலித்தனம். புதியதைப் பழையது போன அதே வழியில் கொண்டுபோங்கள், சைலன்சர் பைப்பைத் தொடக்கூடாது. ஃபயர்வால் ரப்பர் தன் துளையில் முழுசாக உட்கார வேண்டும். அந்த இடத்துத் தகடு மிதிக்கும்போது வளைகிறதா என்றும் பாருங்கள். பழைய வண்டிகளில் அங்கே விரிசல் விட்டிருக்கும், அதை வெல்டிங் செய்யாமல் எத்தனை கேபிள் மாற்றினாலும் பிரயோஜனமில்லை.

ஃபிரீ பிளே வைப்பதில் அவசரம் வேண்டாம். கையால் பெடலை அழுத்தும்போது கனம் ஆரம்பிக்கும்வரை சும்மா இறங்கும் தூரம் அது. மாருதியின் சின்ன கேபிள் கார்களில் பொதுவாக 15 முதல் 25 மி.மீ., உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஃபிரீ பிளேயே இல்லாமல் இறுக்கினால் பேரிங் எப்போதும் விரல்களோடு உரசிச் சீக்கிரம் போய்விடும், கிளட்ச் ஸ்லிப் ஆகும்.

புதுக் கேபிள் போட்டு சில மாதங்களிலேயே மறுபடி இறுகிவிட்டதா? அப்படியென்றால் இன்ஜினின் எர்த் வயரைப் பாருங்கள். இதைப் பல மெக்கானிக்குகளே யோசிப்பதில்லை. பேட்டரி நெகட்டிவிலிருந்து இன்ஜினுக்கும் பாடிக்கும் போகும் எர்த் பட்டை துருப்பிடித்தோ தளர்ந்தோ போனால், ஸ்டார்ட் செய்யும்போது பாயும் பெரிய மின்னோட்டம் வேறு வழி தேடும். இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் உலோகம் என்று கிளட்ச் கேபிள் ஒன்று இருக்கிறதே, அதன் வழியாகப் போகும். கேபிள் சூடாகி உள்ளே நைலான் உருகி வயரோடு ஒட்டிக்கொள்ளும். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மற்றொன்றை இன்ஜின் பிளாக்கின் சுத்தமான உலோகத்திலும் வைத்து, ஸ்டார்ட்டர் சுற்றும்போது வோல்ட் பாருங்கள். 0.2, 0.3 வோல்ட்டைத் தாண்டி ஏறினால் எர்த் சரியில்லை. ஸ்டார்ட் செய்ததும் கேபிள் உறை சூடாக இருந்தாலும் அதே அர்த்தம்.

ஹைட்ராலிக் வண்டி என்றால்

முதலில் ஆயில் டப்பா. பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பா, கிளட்சுக்குப் போகும் துளை மட்டும் கொஞ்சம் மேலே இருக்கும். அதனால் ஆயில் குறைந்தால் முதலில் கிளட்ச் பெடல்தான் விழும். அதைப் பிரேக்குக்கும் சேர்த்து வந்த எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆயில் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் கறுத்திருந்தால் அது எப்போதோ மாற்றியிருக்க வேண்டியது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், அதனால் கொதிநிலை இறங்கும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் தாங்க வேண்டும், ஈரம் ஏறியபின் அந்த அளவு 155 வரை இறங்கலாம். ஈரம் சிலிண்டர் உள்சுவரையும் அரித்து ரப்பர் சீலைக் கிழிக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. அவசரத்துக்கு வேறு எந்த ஆயிலையும் ஊற்றாதீர்கள், இன்ஜின் ஆயில் கொஞ்சம் கலந்தாலே ரப்பர் எல்லாம் ஊதிப்போய் பிரேக்கும் போய்விடும்.

பெடல் பக்கத்தில் ஆயிலை அழுத்தித் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர், கியர்பாக்ஸ் பக்கத்தில் அந்த அழுத்தத்தால் லீவரைத் தள்ளுவது ஸ்லேவ் சிலிண்டர். கசிவு மூன்று இடங்களில் தெரியும். பெடலுக்கு மேலே மாஸ்டர் சிலிண்டர் ராடு வெளியே வரும் இடத்தில் ஈரம், கார்ப்பெட்டில் வழுவழுப்பு இருந்தால் மாஸ்டர். கியர்பாக்ஸில் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் தொப்பியை லேசாக விலக்கினால் ஆயில் வழிகிறதென்றால் ஸ்லேவ். ஸ்லேவ் வெளியே தெரியவே இல்லை, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்கு அடியில் சொட்டுகிறது என்றால், ஸ்லேவ் பேரிங்கோடு சேர்ந்து உள்ளேயே இருக்கும் வகை. அதற்குக் கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். ஆயில் பெயின்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

கசிவு இல்லையா? பெடலை வேகமாகப் பத்துத் தடவை மிதியுங்கள். மிதிக்க மிதிக்கப் பெடல் மேலே எழும்பிக் கெட்டியானால் லைனில் காற்று. அடுத்து, எதிரே திறந்த இடம் இருக்கும்படி நிறுத்தி, இன்ஜின் ஓட, முதல் கியரில், பிரேக்கையும் கிளட்சையும் மிதித்தபடி ஒரு நிமிடம் அசையாமல் பிடியுங்கள். வண்டி மெல்ல முன்னால் இழுக்கப் பார்த்தால் மாஸ்டர் சிலிண்டர் சீல் உள்ளுக்குள்ளேயே ஆயிலைத் திருப்பி விடுகிறது. இந்தக் கோளாறில் வெளியே ஒரு சொட்டுகூடக் கசியாது, அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

இப்போது ஒட்டிக்கொள்ளும் அந்த நேரத்துக்கு வருவோம். பெடல் கீழே நிற்கும்போது ஸ்லேவ் ராடைப் பாருங்கள். ராடு வெளியே நீளவே இல்லை என்றால் நீங்கள் மிதித்த அழுத்தம் அங்கே போய்ச் சேரவில்லை. காற்று, கசிவு, மாஸ்டர் சீல், இந்த மூன்றில் ஒன்று. ராடு நீண்டபடியே நிற்கிறது என்றால் இன்ஜின் ஆஃபிலேயே ஸ்லேவின் பிளீடர் நிப்பிளில் (காற்றை வெளியேற்றத் திறக்கும் சின்னத் திருகுமுனை) டியூப் மாட்டிக் கொஞ்சம் திறந்து பாருங்கள். ஆயில் பீய்ச்சிக்கொண்டு வந்து ராடு உள்ளே போனால், கியர்பாக்ஸ் பக்கத்து விசை நன்றாக இருக்கிறது, ஆயில் திரும்பும் வழிதான் அடைபட்டிருக்கிறது. மாஸ்டர் பிஸ்டன் சிக்கியிருக்கலாம், அல்லது பழைய ரப்பர் ஹோஸ் உள்ளே ஊதி ஆயிலைப் போகவிட்டுத் திரும்ப விடாமல் பிடித்திருக்கலாம். பெடல் மேலே வந்த பிறகும் ராடு நீண்டே நின்றால் முதல் சந்தேகம் ஹோஸ் மேல் வையுங்கள். நிப்பிளைத் திறந்தும் ராடு அசையவில்லையென்றால் ஸ்லேவ் பிஸ்டன் இறுகியிருக்கிறது, இல்லையேல் கோளாறு ஃபோர்க்கில். இந்தச் சோதனைக்குப் பிறகு லைனில் காற்று நுழைந்திருக்கும், அதை வெளியேற்றி, அதாவது பிளீட் செய்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

பிளீட் செய்வது: டப்பாவை நிரப்பி, ஒருவர் பெடலை முழுக்க மிதித்துப் பிடிக்க, நிப்பிளைத் திறந்து, குமிழி வந்ததும் மூடி, அதன் பிறகே பெடலை விட வேண்டும். டியூப்பின் மறுமுனை ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்கியிருக்கட்டும். இந்த நேரத்தில் பெடல் தானாக மேலே வராது, கையால் தூக்க வேண்டும், அது கோளாறு அல்ல. டப்பா காலியாகாமல் இடையிடையே ஊற்றுங்கள். ஸ்லேவைக் கழற்றித் தொங்கவிட்டிருக்கும்போது மட்டும் யாரும் பெடலை மிதிக்கக் கூடாது, பிஸ்டன் தெறித்து வெளியே வந்துவிடும்.

கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும் என்றால்

மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்து, லீவர் மட்டும் திரும்ப மறுத்தால் இறக்குவதற்குச் சம்மதியுங்கள். உள்ளே பார்க்க வேண்டியவை: ரிலீஸ் பேரிங் சறுக்கும் குழாயில் பள்ளம் விழுந்திருக்கிறதா, கிளட்ச் தூசியும் பழைய கிரீஸும் சேர்ந்து களிம்பாகியிருக்கிறதா, டயாபிரம் விரல்களின் நுனியில் வெட்டு இருக்கிறதா, ஃபோர்க் வளைந்திருக்கிறதா. ஃபோர்க் ஷாஃப்ட் புஷ்ஷை மாற்றச் சொல்லுங்கள். சிறிய செலவுதான், ஆனால் கேட்காவிட்டால் பழையதையே விட்டுவிடுவார்கள், புது கிளட்ச் செட் போட்டும் பெடல் கனமாகவே இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பிளேட் தேயத் தேய விரல்களின் கோணம் மாறுவதாலும் பெடல் கனமாகும், ஆகவே கழற்றியபின் பிளேட் மெலிந்திருந்தால் செட்டையே மாற்றுவதுதான் நியாயம். கிராங்க் பின்பக்க ஆயில் சீல் கசிகிறதா என்று அப்போதே பார்த்துவிடுங்கள். குழாயில் கிரீஸ் வைப்பதென்றால் மெல்லிய பூச்சு போதும், அதிகமானால் பிளேட்டில் தெறிக்கும்.

சத்தத்தையும் கவனித்திருப்பீர்கள். மிதித்தால் வரும் சத்தம் ரிலீஸ் பேரிங். காலை எடுத்தால் வந்து, மிதித்தால் நிற்கும் சத்தம் பெரும்பாலும் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் பேரிங். மெக்கானிக்கிடம் இதைச் சொன்னால் இறக்கும்போதே இரண்டாவதையும் பார்த்துவிடுவார்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் கார்கள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. அப்படி நின்ற வண்டியை வாங்கியிருந்தாலோ வைத்திருந்தாலோ, பெடல் புஷ், கேபிள், பேரிங் மூன்றும் ஒரே நேரத்தில் துருப்பிடித்திருக்கலாம், ஒன்றைச் சரிசெய்தும் தீரவில்லை என்று சோர்ந்துவிடாதீர்கள். அத்தகைய வண்டியில் பெடல் இயல்பாக மேலும் கீழும் போகும், ஆனால் கியர் விழாமல் கரகரக்கும் என்றால் பிளேட், இன்ஜினோடு சுற்றும் கனமான சக்கரமான ஃபிளைவீலோடு துருவால் ஒட்டியிருக்கிறது. அது பெடல் பிரச்சினையே இல்லை, கேபிளை இறுக்கி அதைச் சரிசெய்யப் பார்க்காதீர்கள்.

சரிசெய்த பிறகு

குளிர்ந்த இன்ஜினில் நன்றாக இருப்பது போதாது. அரை மணி நேரம் நெரிசலில் ஓட்டி, எல்லாம் சூடேறிய பின் பெடலை மெதுவாக விட்டும் சட்டென்று விட்டும் பாருங்கள். ரிவர்ஸ் கியர் சத்தமில்லாமல் விழ வேண்டும். புதுக் கேபிள் முதல் சில நாள்களில் கொஞ்சம் படியும், அதனால் ஒரு வாரம் கழித்து ஃபிரீ பிளேயை மறுபடி அளந்து சரிசெய்யுங்கள். ஹைட்ராலிக்கில் அதே ஒரு வாரம் கழித்து டப்பாவின் அளவைப் பாருங்கள், இறங்கியிருந்தால் கசிவு இன்னும் எங்கோ இருக்கிறது.